இரண்டு மருந்துச் சீட்டு, ஒரே ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்கள், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டவர்கள் ஆகியோர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். இவர்களில் பலருக்கு மனச்சோர்வும் வருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. இதய மருத்துவர் ஒரு சீட்டு எழுதுகிறார், மனநல மருத்துவர் இன்னொரு சீட்டு எழுதுகிறார். இரண்டும் தேவையான மருந்துகள்தான். ஆனால் இரண்டும் ஒரே உடம்புக்குள் சேரும்போது ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. அது எப்போது கூடுகிறது, யாருக்குக் கூடுகிறது, எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த உரையைக் கேட்டுவிட்டு இரண்டில் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உறைதல் தடுப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் பக்கவாதம் வரலாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் தலைச்சுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். பெரும்பாலானவர்கள் இரண்டையும் சேர்த்தே பாதுகாப்பாகச் சாப்பிட முடியும். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

மனதுக்கான மருந்துக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு? செரட்டோனின் என்ற வேதிப்பொருளை மூளையோடு சேர்த்தே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் 1948-இல் அதை முதலில் பிரித்தெடுத்தது ரத்தத்திலிருந்து. ரத்தத் தெளிநீரைக் குறிக்கும் 'சீரம்' என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரின் முன்பாதி வந்தது. உடம்பிலுள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது. ரத்தத்தில் இருப்பது முழுவதும் கிட்டத்தட்டத் தட்டணுக்களுக்குள், அதாவது பிளேட்லெட்டுகளுக்குள், சேமிப்பாக இருக்கிறது. தட்டணுவால் செரட்டோனினைத் தயாரிக்க முடியாது. ரத்தத்தில் மிதந்து வருவதை ஒரு வாயில் வழியாக உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது.

ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் நடப்பதை, ஏரிக்கரை உடைப்பெடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் மணல் மூட்டைகளை அடுக்கி அடைப்பார்கள், பிறகு மண்ணும் கல்லும் கொட்டி இறுக்குவார்கள். தட்டணுக்கள்தான் அந்த மணல் மூட்டைகள். அவை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே வைத்திருக்கும் செரட்டோனினை வெளியே விட்டு மற்றத் தட்டணுக்களையும் அழைக்கின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரத வலை படர்ந்து அடைப்பை உறுதியாக்குகிறது. வார்ஃபரின், அசினோகூமரால், ரிவராக்சபன், அபிக்சபன், டபிகாட்ரன் போன்ற மாத்திரைகள் இந்த வலையைத் தாமதப்படுத்துகின்றன.

செர்ட்ராலின், எசிட்டலோப்ராம், ஃப்ளுவாக்செட்டின், பராக்செட்டின் முதலிய எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள் மூளையில் எந்த வாயிலை அடைக்கின்றனவோ, அதே வாயிலைத் தட்டணுவிலும் அடைக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் தட்டணுவின் செரட்டோனின் கையிருப்பு பெருமளவு வற்றிவிடும். உறைதல் தடுப்பு மாத்திரையும் சேர்ந்தால், மூட்டையும் வலுவிழக்கிறது, மண்ணும் தாமதமாகிறது. வெறும் எஸ்எஸ்ஆர்ஐ மட்டும் சாப்பிடுபவருக்கு வலை சரியாக இருப்பதால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல். போதாக்குறைக்கு, இந்த மாத்திரைகள் இரைப்பையில் அமிலச் சுரப்பையும் சற்றுக் கூட்டுவதால் கசிவு அதிகம் தென்படும் இடம் வயிறும் குடலும்தான்.

எவ்வளவு கூடுகிறது? இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்காக உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. எஸ்எஸ்ஆர்ஐ சேர்த்தவர்களிடம் பெரிய ரத்தப்போக்கு 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்த எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். ஆண்டுக்கு 100 பேரில் 3 பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், அது 4 பேராகும், அவ்வளவுதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். இரண்டையும் சேர்த்துத் தொடங்கிய முதல் 30 நாட்களில் கூடுதல் ஆபத்து 74 சதவீதம். அதன்பின் படிப்படியாகக் குறைகிறது. ஆகவே, ஏற்கெனவே உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால் முதல் மாதம்தான் கண்காணிப்பின் மாதம். ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று விட்டுவிடக் கூடாது.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு இரண்டாவதாக ஒரு சிக்கலும் உண்டு. வார்ஃபரினின் வீரியமான பாதியைக் கல்லீரலில் சிஒய்பி2சி9 என்ற நொதி உடைக்கிறது. ஃப்ளுவாக்செட்டினும் அதே வகையைச் சேர்ந்த ஃப்ளுவோக்சமினும் அந்த நொதியை மந்தப்படுத்துகின்றன. அதனால் அளவு மாறாமல் சாப்பிட்டாலும் வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கி ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை எண், ஏறிவிடும். பலருக்கு இலக்கு 2 முதல் 3 வரை, சில செயற்கை வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரை. செர்ட்ராலினும் எசிட்டலோப்ராமும் இந்த நொதியைக் குறைவாகவே தொடுகின்றன. வார்ஃபரினோடு சேர்க்க வேண்டிவந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடைமுறை இதுதான். மனச்சோர்வு மாத்திரை தொடங்கும் முன் ஒரு ஐஎன்ஆர், தொடங்கி ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் ஒன்று, பிறகு எண் நிலைப்படும்வரை வாரம் ஒன்று. மாத்திரையின் அளவைக் கூட்டும்போது மறுபடியும் இதே வரிசை. ஃப்ளுவாக்செட்டின் என்றால் கூடுதல் பொறுமை வேண்டும். அது உடம்பில் முழு அளவுக்குச் சேரவே நான்கைந்து வாரம் ஆகும். முதல் வாரம் ஐஎன்ஆர் நன்றாக இருந்ததை நம்பிப் பரிசோதனையை நிறுத்திவிட்டால், நான்காவது வாரத்தில் ஏறுவது தெரியாமல் போகும்.

ரிவராக்சபன், அபிக்சபன் போன்ற புதிய வகைகளுக்கு ஐஎன்ஆர் பார்த்துப் பயனில்லை. அங்கே பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபினும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும். சிறுநீரகம் தளர்ந்தால் இந்த மருந்துகள் தேங்கும். தொடங்கும் முன்பும், ஒரு மாதத்திலும் ஹீமோகுளோபின் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குடல் கசிவு முதலில் அங்கேதான் இறக்கமாகக் காட்டும்.

இந்த இரண்டு மாத்திரைகளும் மட்டுமே சேர்ந்து பெரிய விபத்தை உண்டாக்குவதைவிட, அவற்றோடு மூன்றாவதாக ஒன்று வந்து சேரும்போதுதான் நிலைமை சட்டென்று மோசமாகிறது. அந்த மூன்றாவது, பெரும்பாலும் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை. ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், ஆஸ்பிரின் எல்லாம் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தையும் குலைக்கும், தட்டணுவையும் முடக்கும். முதுகுவலிக்கு நான்கு நாள் போட்ட மாத்திரையே, வயிற்றில் அமைதியாக இருந்த புண்ணைத் திறந்துவிடப் போதும். வலிக்கு முதல் தேர்வு பாரசிட்டமால். அதிலும் வார்ஃபரின் சாப்பிடுபவர், நாளுக்கு 2 கிராமுக்கு மேல் பல நாட்கள் தொடர்ந்தால் ஐஎன்ஆர் ஏறக்கூடும், பரிசோதிக்க வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரையும் வேண்டாம். அது செரட்டோனினையும் கூட்டும், வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐஎன்ஆரையும் ஏற்றும்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று நினைப்பவர்களுக்காக ஒரு சொல். மனச்சோர்வுக்கென விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், உறைதல் தடுப்பு மருந்துகளை வேகமாக வெளியேற்றிப் பயனற்றதாக்கும். ஜின்கோ கசிவைக் கூட்டலாம். இரண்டையும் தவிருங்கள்.

வயிற்றைக் காக்க ஒரு வழி உண்டு. முன்பு குடற்புண் இருந்தவர், 65 வயது தாண்டியவர், ஸ்டென்ட் வைத்ததால் தட்டணுவை முடக்கும் ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரலோ சேர்த்துச் சாப்பிடுபவர் ஆகியோர் அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். காலை உணவுக்கு அரை மணி முன்பு சாப்பிடுவது. ஒமிப்ரசோல் வேண்டாமா என்றால், அது எசிட்டலோப்ராமின் அளவை ரத்தத்தில் உயர்த்தும், க்ளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். இந்தக் கூட்டணியில் பான்டோப்ரசோலே நல்லது. ஃப்ளுவாக்செட்டினும் ஃப்ளுவோக்சமினும் க்ளோபிடோக்ரலுக்கு அதே இடைஞ்சலைத் தரும் என்பதால், ஸ்டென்ட் உள்ளவர் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும்.

முன்பு மூளையிலோ குடலிலோ பெரிய கசிவு ஏற்பட்டவருக்கு, தட்டணுவின் செரட்டோனின் வாயிலை அடைக்காத மனச்சோர்வு மருந்துகளை யோசிக்கலாம். மிர்டசாபின், புப்ரோப்பியான் அப்படிப்பட்டவை. மிர்டசாபின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும், வார்ஃபரினோடு ஐஎன்ஆரைச் சற்று ஏற்றவும் செய்யும். புப்ரோப்பியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது, ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். அழுத்தம் ஏறினால் மூளைக் கசிவுக்கு வழி. எந்த மாற்றமும் இலவசமில்லை, எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வயதானவர்களிடம் யாரும் எதிர்பாராத ஒரு வழியிலும் ஆபத்து வரும். எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள் முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம், நீர்மாத்திரையும் சாப்பிட்டால் இன்னும் எளிதாக. சோடியம் குறைந்தால் தடுமாற்றம், குழப்பம், விழுதல். உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடும் ஒருவர் விழுந்து தலை அடிபட்டால், எழுந்து நன்றாகப் பேசினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மண்டைக்குள் கசிவு மணிக்கணக்கில், சில நேரம் நாட்கணக்கில் மெல்லச் சேரும். இரண்டாவது வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை செய்துகொள்வது சின்ன வேலைதான்.

வீட்டில் எதைப் பார்ப்பது? மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்தோடு போனால் அது குடல் கசிவு. இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது. காபித்தூள் கரைத்ததுபோல வாந்தி, சிவந்த சிறுநீர், திடீரென வரும் கடுந்தலைவலி, பேச்சுக் குழறல் எதுவானாலும் காத்திருக்காதீர்கள். மூக்கில் ரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். 15 நிமிடத்திலும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை. அடிபடாமலே பெரிய நீல ரத்தக்கட்டு, பல்துலக்கும்போது தினமும் ரத்தம், மாதவிலக்கு வழக்கத்தைவிட அதிகம் என்றால் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

பணப்பையில் ஒரு சின்ன அட்டை வைத்திருங்கள். அதில் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், சாப்பிடும் நேரமும் இருக்கட்டும். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அதைத்தான், ஏனென்றால் முறிமருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, டபிகாட்ரனுக்கு இடாருசிசுமாப். பல் பிடுங்கும் முன்பும் அந்த அட்டையைக் காட்டுங்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சொல்லத் தயங்கி மறைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

கடைசியாக, மனச்சோர்வு நீங்கி மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் கட்டம். வேலை முடிந்தது என்று பலர் இங்கேதான் அசந்துவிடுகிறார்கள். ஃப்ளுவாக்செட்டினுக்காக வார்ஃபரின் அளவைக் குறைத்திருந்தால், அது வெளியேற வெளியேற ஐஎன்ஆர் 2-க்குக் கீழே இறங்கும், இப்போது ஆபத்து உறைவின் பக்கம். ஃப்ளுவாக்செட்டின் முழுவதும் வெளியேற ஐந்து வாரம் வரை ஆகும். அதுவரை வாரம் ஒரு ஐஎன்ஆர் பாருங்கள். கடைசி மாத்திரை சாப்பிடும் அன்றே, அந்த ஐந்து தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வணக்கம்.