நிதானமே! – காசிமேட்டுப் பட்டிமன்றத்தில் பேசியது

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, 'துணிச்சலே' என்று தட்டித் தட்டி மைக்கையே சாய்த்துவிட்டுப் போன எதிரணித் தம்பி அவர்களே, வியாபாரத்தை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

மனிதரை விண்ணுக்கு அனுப்பித் திரும்ப அழைத்து வருவதில் பெரிதும் கைகொடுப்பது துணிச்சலா, நிதானமா? இதுதான் தலைப்பு. தம்பி பாதித் தலைப்புக்குத்தான் பேசினார். அனுப்புகிற கதையை விலாவாரியாகச் சொன்னார். திரும்ப அழைத்து வருகிற கதை அவர் பேச்சில் தலையே காட்டவில்லை.

முதன்முதலில் விண்ணுக்குப் போன ககாரினைச் சொன்னார். சரி. 1961 ஏப்ரல் 12 அன்று ககாரின் ஏறினார். அதற்கு முந்தைய மாதம் அதே வஸ்தோக் வகைக் கலத்தில் ஒரு பொம்மை மனிதனையும் ஒரு நாயையும் வைத்து இரண்டு தடவை அனுப்பினார்கள். இரண்டும் ஒழுங்காகத் திரும்பிய பிறகுதான் ககாரினுக்கு இருக்கை. அதே ரஷ்யர்கள் 1967-ல் அவசரப்பட்டார்கள். சோயுஸ் என்ற புதுக் கலத்தை ஆளில்லாமல் விட்ட சோதனைகள் கோளாறில் முடிந்திருந்தும் கொமரோவ் என்ற வீரரை ஏற்றி அனுப்பினார்கள். திரும்பும்போது பாராசூட் சரியாக விரியாமல் அவர் இறந்தார். கொமரோவிடம் துணிச்சலுக்கா குறை?

ஆம்ஸ்ட்ராங்கையும் சொன்னார். அவருக்கு இரண்டு மாதம் முன்பு, 1969 மே மாதம், அப்போலோ 10 போனது. ஸ்டாஃபோர்டும் செர்னனும் நிலாத் தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கினார்கள், தொடாமல் திரும்பினார்கள். அவ்வளவு தூரம் போய், கீழே பள்ளமும் மேடும் கண்ணுக்குத் தெரிய, "வந்தது வந்தோம், இறங்கிவிட்டே போவோம்" என்று மனசு அடித்துக்கொள்ளாதா? ஒத்திகை என்று அனுப்பினார்கள், ஒத்திகையோடு வந்தார்கள். தம்பி கொண்டாடும் ஜூலை 20-க்கு வழி போட்டது அந்தப் பயணம்தான்.

நம்ம கதைக்கு வருகிறேன். 2023 அக்டோபர் 21, சனிக்கிழமை காலை. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம்ம நாட்டுத் திட்டமான ககன்யானில் போகிறவர்களை ஆபத்திலிருந்து பிடுங்கி எடுக்கும் தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்க ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு ராக்கெட் நின்றது. எங்கள் தெருவில் பாதிப்பேர் மொட்டை மாடியில். ஒரு கண் வடக்கே, ஒரு கண் போனில். 8 மணி என்றார்கள். வானிலை சரியில்லை என்று முக்கால் மணி நேரம் தள்ளினார்கள். எண்ணிக்கை இறங்கி இறங்கி, இன்னும் 5 நொடி என்னும்போது கணினி நிறுத்திவிட்டது. பக்கத்து மாடி அண்ணன் கத்தினார்: "இன்னாபா இது, பட்டனை அமுக்க இவ்ளோ பயமா?"

அண்ணன் இங்கேதான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். கோபிக்கக் கூடாது. ஏதோ பொருந்தவில்லை என்று கணினி கண்டது, நிறுத்தியது. காரணத்தைப் பிடித்து, சரிசெய்து, 10 மணிக்கு ஏவினார்கள். 12 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கும்போது தப்பிக்கும் அமைப்பு கலத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தது. பாராசூட் விரிந்து கலம் வங்கக் கடலில் இறங்கியது. கப்பற்படை மீட்டு எங்கே கொண்டு வந்தது? இதோ, நம்ம சென்னைத் துறைமுகத்துக்கு. இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. கடலில் அந்தக் கலம் தலைகீழாக மிதந்தது! உள்ளே ஆள் இருந்திருந்தால் பெல்ட்டில் வௌவால் மாதிரி தொங்கியிருப்பார். இதை ஆளை ஏற்றுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டது லாபமா நட்டமா, வியாபாரம் தெரிந்த ஊர், நீங்களே சொல்லுங்கள்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் இங்கே விசைப்படகைக் கட்டிப்போடுகிறோம். அதற்காகக் காசிமேட்டுக்காரனைக் கடலுக்குப் பயந்தவன் என்று எவனாவது சொன்னதுண்டா?

கூண்டு ஏறியும் படகை விட்ட கதை ஒன்று சொல்கிறேன். 1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். ஃபுளோரிடாவில் கடுங்குளிர். அதை மேலே தூக்கும் பக்கவாட்டு ராக்கெட்டான பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள்: பூஸ்டரின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும், 12 டிகிரிக்குக் கீழே ஏவாதீர்கள். நாசா தரப்பு முகம் சுளித்தது. உடனே அந்த நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகப் பேசி, தங்கள் பொறியாளர்களையே ஓரங்கட்டிவிட்டு, "ஏவலாம்" என்றார்கள். ஏவுதளத்தில் இருந்த அதே நிறுவனத்து ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். ஏவும்போது குளிர் சுமார் 2 டிகிரி. 73-வது நொடியில் எல்லாம் முடிந்தது. ஏழு உயிர். பிறகு விசாரணையில் இயற்பியல் அறிஞர் ஃபைன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைச் சின்னக் கவ்வியில் இறுக்கி, மேசை மேலிருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தினால், ரப்பர் உடனே பழைய நிலைக்கு வரவில்லை. ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் தெரியும் விஷயம், நடுவர் அவர்களே!

தம்பி ஒரு கேள்வி போட்டார், நல்ல கேள்விதான். 2024-ல் சுனிதா வில்லியம்ஸையும் வில்மோரையும் மேலேயே விட்டுவிட்டு, அவர்கள் போன ஸ்டார்லைனர் கலத்தைக் காலியாக இறக்கினார்களே, அது செப்டம்பர் 7 அன்று பத்திரமாகத்தானே தரை தொட்டது, அப்போ நிதானம் வீண்தானே என்றார். சேலஞ்சருக்கு முன்பும் அந்த வளையங்கள் சூட்டில் அரிக்கப்பட்டுத்தான் திரும்பி வந்தன. "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த ஜனவரிக்கு வந்து சேர்ந்தார்கள். உந்திகள் ஏன் படுத்தன, ஹீலியம் எங்கே கசிகிறது என்று முழுதாகப் புரியாத வண்டி பத்திரமாக இறங்கினால், அதற்குப் பெயர் அதிர்ஷ்டம். அதை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள், தம்பி.

2025 ஜூனில் நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா போக வேண்டிய ஃபால்கன் 9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிந்தது. நம்ம நாராயணன், இஸ்ரோ தலைவர், குமரி மாவட்டத்துக்காரர், குழுவோடு அங்கேயே இருந்தார். முழுதாகச் சரிசெய்து சோதித்துவிட்டுத்தான் ஏவ வேண்டும் என்று நம் ஆட்கள் நின்றார்கள். பயணம் தள்ளிப்போனது. ஜூன் 25 அன்று கிளம்பி, ஜூலை 15 அன்று சுக்லா சிரித்துக்கொண்டே திரும்பினார். ககன்யானை 2022-க்குள் என்று சொன்னார்களே, 2022 போயே போய்விட்டதே என்று கேலி பேசினீர்கள். அதற்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். தள்ளிப்போனால் போகட்டும், நம்ம ஊர்ப்பிள்ளை வீடு வந்து சேரட்டும்.

"நிறுத்து என்று சொல்லவும் துணிச்சல் வேண்டுமே, அதுவும் எங்கள் பக்கம்" என்று அடுத்து வரும் எதிரணி அக்கா ஆரம்பிப்பார். குறிப்பு எழுதுவது இங்கிருந்தே தெரிகிறது. அக்கா, உங்களுக்கு ஒரே கேள்வி. 1986 ஜனவரி 27 இரவு அந்தத் தொலைபேசிக் கூட்டத்தில் நீங்கள் இருந்திருந்தால், எந்தப் பக்கம் பேசியிருப்பீர்கள்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.