தணிப்பான் எதைத் தணிக்கிறது?

நண்பர்களே, எல்லோருக்கும் மாலை வணக்கம்.

போன மாதம் ஒரு பள்ளியில், "அணு உலையில் தணிப்பான் என்ன செய்கிறது?" என்று கேட்டேன். "அணுப்பிளவை அடக்குகிறது" என்று பாதி வகுப்பு சொன்னது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, பெயர் அப்படி. உண்மையில் அது தணிப்பது நியூட்ரானின் வேகத்தை மட்டும்தான். வேகம் தணிந்தால்தான் உலையே பற்றிக்கொள்ளும்! அடக்குகிற வேலை, நியூட்ரானை விழுங்கிவிடும் போரான், காட்மியம் கழிகளுடையது.

உலையில் எளிதில் பிளக்கும் யுரேனிய வகையான யுரேனியம் 235 பிளக்கும்போது தெறிக்கிற நியூட்ரான் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த ஓட்டத்தில் அடுத்த கருவைப் பிளப்பது அபூர்வம். நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால் வாய்ப்பு சில நூறு மடங்கு கூடிவிடும்.

சரி, எதைக் கொண்டு வேகத்தைக் குறைப்பது? கோலி ஆடியவர்களுக்கு விடை தெரியும். குண்டைச் சுவரில் அடித்தால் துள்ளித் திரும்பும். அதே அளவுக் குண்டின் மேல் நேராக அடித்தால், அடித்தது அங்கேயே நிற்கும், அடிபட்டது ஓடும். நியூட்ரானுக்குச் சம எடையுள்ள குண்டு ஹைட்ரஜன் கரு. சுமார் 18 மோதலில் வேலை முடிந்துவிடும். கிராஃபைட்டில் இருக்கும் கார்பனுக்கு 110க்கு மேல் வேண்டும்.

இது பிடிபட்ட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1934இல் ரோம் நகரில் இத்தாலிய இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு வெள்ளியின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. பளிங்கு மேசையில் வைத்ததைவிட மர மேசையில் வைத்தால் வெள்ளியில் கதிரியக்கம் கூடுதலாக வந்தது. மேசைக்கும் கதிரியக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அக்டோபர் 22 அன்று ஃபெர்மி, நடுவில் ஈயத்துக்குப் பதிலாக மெழுகுக் கட்டியை வைத்துப் பார்த்தார். கதிரியக்கம் பல மடங்கு எகிறியது. மரத்திலும் மெழுகிலும் ஹைட்ரஜன் நிறைய. அப்புறம் தோட்டத்து மீன் தொட்டித் தண்ணீரிலும் சோதித்தார்கள். அதே விளைவு.

அப்படியானால் எல்லா உலைக்கும் சாதாரணத் தண்ணீர் போதாதா? ஹைட்ரஜன் அவ்வப்போது நியூட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இயற்கை யுரேனியத்தில் 235 வெறும் 0.7 சதவீதம், அந்த இழப்பு தாங்காது. கன நீர் என்ற தண்ணீர் வகையில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் இருக்கும்; அதன் கருவில் ஏற்கெனவே ஒரு நியூட்ரான் உண்டு, இன்னொன்றை அது லேசில் சேர்ப்பதில்லை. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்தோடு கன நீரில் ஓடுவது இதனால்தான். கூடங்குளத்தில் 235இன் பங்கைக் கூட்டிய, அதாவது செறிவூட்டிய யுரேனியம் என்பதால் சாதாரணத் தண்ணீரே போதும்.

மனிதன் கட்டாத உலை ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற சுரங்கம், 1972இல் தெரியவந்தது. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், 235இன் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி இருந்த காலத்தில், அங்கே நிலத்தடி நீரே தணிப்பான். பாறையில் சிக்கிய செனான் வாயுவை அளந்து அதன் போக்கைக் கணித்திருக்கிறார்கள்: அரை மணி நேரம் எரியும், சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போகும், பிளவு நின்றுவிடும். இரண்டரை மணி நேரம் பாறை ஆறும். திரும்பத் தண்ணீர் ஊறும், உலை பற்றிக்கொள்ளும்.