மன உறுதி பீரோவுக்கு பின்னாடி நிக்குது

நடுவர் ஐயாவுக்கும், எதிரணி தலைவி அக்காவுக்கும், எனக்கு முன்னாடி பேசினவங்களுக்கும் வணக்கம். உக்காந்து கேக்கறவங்களுக்கு ஒரு வணக்கம், இடம் கிடைக்காம பின்னாடி நிக்கறவங்களுக்கு ரெண்டு வணக்கம், ஏன்னா இந்த ஹால்ல இப்போதைக்கு எக்சர்சைஸ் பண்ணிட்டு இருக்கறது நீங்க மட்டும்தான்.

தலைப்பு, "வீட்லயே பண்ற உடற்பயிற்சி நிலைச்சு நிக்கறது மன உறுதியாலயா, ஏற்பாட்டாலயா?" நான் ஏற்பாட்டு கட்சி. எதிரணி அண்ணன் மைக்கை புடிச்சதுமே "மனமிருந்தா மார்க்கம் உண்டு"ன்னாரு, கைதட்டல் அள்ளுச்சு, நானும் தட்டினேன். ஆனா அண்ணே, எனக்கு மனம் இருந்துச்சே! மேட் வாங்கினேன், ரெண்டு டம்பெல் வாங்கினேன், இழுக்கற ரப்பர் பேண்ட் வாங்கினேன், ஆப் போட்டேன், வாரத்துல ஆறு நாள், நாளுக்கு 45 நிமிஷம்னு ப்ளான். முதல் நாளே மொத்தத்தையும் முடிச்சேன். ரெண்டாம் நாள் மாடிப்படியில இறங்க முடியல, கைப்பிடியை புடிச்சுட்டு பக்கவாட்டுல இறங்கறேன், நண்டு மாதிரி. புதுசா வேலை குடுத்த தசைக்கு வலி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுதான் உச்சத்துக்கு வரும்ங்கறது அப்ப எனக்கு தெரியாது, என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்தேன். அதையும் பல்லை கடிச்சுட்டு எட்டு நாள் ஓட்டினேன். ஒன்பதாவது நாள் மேட் பீரோவுக்கு பின்னாடி போச்சு.

இதுக்கு நம்ம ஆளுங்க எப்பவோ பேர் வச்சுட்டாங்க, ஆரம்ப சூரத்தனம். அந்த வார்த்தையை கொஞ்சம் உத்து பாருங்க, ஆரம்பத்துல சூரன்தான்யா! உறுதி இல்லாதவன்னு யாரும் சொல்லல.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதே ஆளு, இதே சோம்பல், ஜிம்முக்கு போனா ஒரு மணி நேரம் பண்ணிட்டு வரான். எப்படி? அங்க வாசல்ல மன உறுதி ஊத்தி குடுக்கறாங்களா? அங்க ஏற்பாடு ரெடியா இருக்கு. கதவை தாண்டி உள்ள போயிட்டா செய்றதுக்கு வேற வேலையே இல்ல, பக்கத்துல இருக்கறவன் தூக்கறான், ட்ரெயினர் "என்ன ரெண்டு நாளா காணோம்"னு கேப்பாரு, போட்ட ட்ரெஸ் கூட ஞாபகப்படுத்தும். வீட்ல என்ன இருக்கு? சோபா இருக்கு. சார்ஜ்ல போட்ட போன் இருக்கு. தரையில படுத்து ப்ளாங்க் பண்றப்ப "அப்படியே அந்த கட்டிலுக்கு அடியில என் செருப்பு கிடக்கா பாரு"ன்னு கேக்கற சொந்தம் இருக்கு. வீட்ல இருக்கறவங்களுக்கு நாம எக்சர்சைஸ் பண்றது வேலையாவே தெரியாது, சும்மா இருக்கான்னுதான் தோணும், அதுலயும் வீட்டு பொறுப்பு மொத்தத்தையும் தலையில சுமக்கற பொம்பளைங்களுக்கு ஒரு இருபது நிமிஷம் யாரும் கூப்பிடாம கிடைக்கறதே அபூர்வம், அவங்கள பாத்து "உனக்கு உறுதி பத்தல"ன்னு சொல்றது அநியாயம் இல்லையா நடுவரே? அவங்களுக்கு உறுதி இருக்கு, கதவுக்கு தாழ்ப்பாள் இல்ல.

வாயால சொன்னா எதிரணி ஒத்துக்காது, அதனால ஒரு கணக்கு சொல்றேன். 2002ல பிரிட்டன்ல மில்ன், ஆர்பெல், ஷீரன்னு மூணு பேரு 248 மாணவர்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஒரு கூட்டத்துக்கு ஒண்ணும் சொல்லல, ஒரு கூட்டத்துக்கு இதய நோயை பத்தி, உடற்பயிற்சியோட நன்மையை பத்தி எல்லாம் படிக்க குடுத்து நல்லா உசுப்பேத்தினாங்க, மூணாவது கூட்டத்துக்கு அதையும் குடுத்து கூடவே "எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்க பண்ணுவேன்"னு எழுதி வாங்கினாங்க. ஒண்ணுமே சொல்லாத கூட்டத்துல அடுத்த வாரம் உடற்பயிற்சி பண்ணவங்க 38 சதவீதம். உசுப்பேத்தின கூட்டத்துல 35. ஆமா, குறைஞ்சுதான் இருக்கு! எழுதி குடுத்த கூட்டத்துல 91. இது ஒரு வாரக் கணக்குதான், வருஷக்கணக்கு இல்ல, அதை நான் மறைக்கல. ஆனா ஒரு வாரத்துக்கே அந்த உசுப்பு தாங்கலன்னா வருஷத்துக்கு எங்க தாங்கும்?

அடுத்து எதிரணியில பேசின தம்பி ஒருத்தர் சொன்னது, "21 நாள் பல்லை கடிச்சுக்கோ, அப்புறம் தானா வந்துடும்." தம்பி, அந்த 21 நாள் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ண மூஞ்சி பேஷண்டுக்கு பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினாரு. மூஞ்சி பழகறதுக்கு சொன்னதை நாம முட்டி மடக்கறதுக்கு எடுத்துக்கிட்டோம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலின்னு ஒரு அம்மாவும் அவங்க கூட்டாளிங்களும் 96 பேரை வச்சு நிஜமாவே பழக்கத்தை அளந்தாங்க, ஒரு செயல் யோசிக்காம தானா வர்றதுக்கு நடுத்தரமா 66 நாள், ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் போகுது. 254 நாளும் பல்லை கடிச்சா பல்லு மிஞ்சுமா? இதே ஆராய்ச்சியில எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. மன உறுதி கட்சிக்காரங்க ஒரு நாள் விட்டா "நான் லாயக்கில்லாதவன்"னு மொத்தமா விட்டுடறாங்க. ஏற்பாட்டு கட்சியில அந்த பேச்சே கிடையாது, ஏற்பாட்டுல எங்க ஓட்டைன்னு பாத்து அடைச்சுட்டு மறுநாள் பண்ண வேண்டியதுதான்.

எதிரணியோட நல்ல பாயிண்ட் ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டு போனா நியாயம் இல்ல. "ஏற்பாடு பண்றதுக்கே மன உறுதி வேணுமே"ன்னு கேட்டாங்க அக்கா. வேணும்க்கா. ஒரு தடவை வேணும். மேட்டை ராத்திரியே விரிச்சு வைக்க ஒரு நிமிஷ உறுதி போதும், அதுவும் ராத்திரி சாப்பிட்டு முடிச்ச நேரத்துல எல்லாருக்கும் உறுதி தாராளமா இருக்கும். அலாரம் அடிக்கற நேரத்துலதான் அது காலியாயிடுது.

நான் இப்ப எப்படி பண்றேன்? பல்லு தேய்ச்சதும் நாற்காலியில உக்காந்து எந்திரிக்கறது பத்து, சுவத்துல கை வச்சு புஷ்அப் பத்து. அவ்வளவுதான், ரொம்ப அசிங்கமான ப்ளான். ஆனா பல்லு தேய்க்க யாரும் மோட்டிவேஷன் வீடியோ பாக்கறது இல்ல, நான் அதோட வால்ல இதை கட்டி விட்டுட்டேன். பத்து பண்ணதும் பெரும்பாலும் இன்னும் பத்து பண்ண தோணும், தோணலன்னா விட்டுடுவேன். சாயங்காலம் போன் வந்தா நடந்துட்டேதான் பேசறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாளாவது தசைக்கு வேலைன்னு சொல்லுது, முன்னாடி ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது பண்ணாதான் கணக்குன்னு இருந்துச்சு, 2020ல அந்த நிபந்தனையையும் எடுத்துட்டாங்க. துண்டு துண்டா பண்ணாலும் கணக்குல சேரும். முட்டி வலி, நெஞ்சு தொந்தரவு இருக்கறவங்க மட்டும் டாக்டரை கேட்டுட்டு ஆரம்பிங்க, நான் பாட்டுக்கு சொல்லிட்டேன்னு ஆரம்பிச்சுடாதீங்க.

நடுவர் மணியை பாக்கறாரு, முடிச்சுடறேன். எதிரணி தலைவி அக்கா பேசி முடிக்கறப்ப நெஞ்சுல கை வச்சு "நாளையில இருந்து நானும் வீட்ல ஆரம்பிக்கப் போறேன், இது உறுதி"ன்னு சொன்னாங்க, பலத்த கைதட்டல். அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு கேள்வி. எத்தனை மணிக்கு, எந்த ரூம்ல?

ஐயா, அக்கா பதில் சொல்ற வரைக்கும் நான் நிக்கறேன், எனக்கும் எக்சர்சைஸ் ஆச்சு.