வாயும் வயிறும் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றிச் சட்டப்படி முடிவெடுக்கும் அமைப்பு குழந்தைகள் நலக் குழு. மும்பையில் அந்தக் குழுவின் முன் வந்து நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகப் பல ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். மராத்தியிலும் இந்தியிலும் கேட்கப்படுவதைத் தமிழில் சொல்வதும், தமிழில் வரும் பதிலைத் திருப்பிச் சொல்வதுமே என் வேலை. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இருந்ததில்லை. ஆனால் தீர்ப்பு ஒரு தாயின் காதில் விழுந்தபோது, அது என் குரலில்தான் விழுந்தது. பெற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைக்காக எப்போது, எப்படி முடிவெடுப்பது என்பதைப் பற்றி, அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்று பேசுகிறேன். நான் சொல்லப்போகும் குழந்தைகளின் பெயர், தெரு, வயது எதுவும் இந்த உரையில் வராது. ஒரு குழந்தையை அடையாளம் காட்டுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரிய குற்றம். சட்டம் சொல்லாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன்.

தாராவியில் ஓர் அறை. அதில் ஒரு பெண் குழந்தையும் அவளுடைய சின்னத் தம்பியும் இருந்தார்கள். தகப்பன் எப்போதோ போய்விட்டான். தாய் குடியிலும் அதற்கு மேலானவற்றிலும் சிக்கி, ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட வீடு திரும்பமாட்டாள். எதிர் வீட்டில் நெல்லைப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். ஜன்னல் வழியாகச் சோற்றை நீட்டி அந்தப் பிள்ளைகளைப் பல வாரங்கள் உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் நான் கேட்டபோது, "பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்த பாவம் எனக்கு எதற்கு, தாயி?" என்றார்.

அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். கடைசியில் ஒரு மழைநாளில், பையன் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி 1098 எண்ணுக்கு அழைக்கச் செய்தார். குழந்தைகளுக்கான அந்த உதவி எண் பிறந்ததே இந்த ஊரில்தான். 1996இல் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகத் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் பரவியது.

மருத்துவமனையில் பையனின் மேற்கையை அளவு நாடாவால் சுற்றிப் பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. நாடாவில் அந்தப் பகுதி சிவப்பாக இருக்கும். இவனுடைய கை சிவப்பில் நின்றது. அக்காவோ, காப்பகத்துக்கு வந்த பிறகும் பல வாரங்கள் தன் தட்டில் இருந்த சப்பாத்தியில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காம்.

இந்த இடத்தில் வேறொரு தாயையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நான் சொல்வது தவறான காதில் விழுந்துவிடும். மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்யும் பெண் அவர். காலை ஆறு மணிக்கு இரண்டு வயதுக் குழந்தையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார், பன்னிரண்டு மணிக்கு வருவார். யாரோ புகார் செய்து அவரும் குழுவின் முன் வந்தார். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. அம்மாவைக் கண்டதும் தாவியது. பூட்டியது ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் இல்லாதது அன்பு அல்ல, அந்த ஆறு மணி நேரத்துக்கு ஓர் ஆள். அங்கன்வாடியும் நாத்தனாரும் சேர்ந்து அதைத் தீர்த்தார்கள். குழந்தை சில வாரங்களில் வீடு திரும்பியது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வறுமையைப் புறக்கணிப்பு என்று எழுதும் அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. இப்போதும் வருகிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. குழந்தையைக் கொடுமைப்படுத்துவதையும் வேண்டுமென்றே புறக்கணிப்பதையும் 75ஆம் பிரிவு குற்றமாக்கி, மூன்று ஆண்டுவரை சிறை என்கிறது. அதே பிரிவிலேயே, தங்கள் கட்டுப்பாட்டை மீறிய சூழ்நிலையால் பிள்ளையை விட்டுவிட்ட பெற்றோர் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது என்றும் இருக்கிறது. 40ஆம் பிரிவோ, குழந்தையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதுதான் எந்தக் காப்பகத்துக்கும் முதல் நோக்கம் என்கிறது. டோங்கிரி, மான்குர்த் காப்பகங்களின் பெயர்களைக் கேட்டாலே பிள்ளை போய்விட்டது என்று அஞ்சும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பகத்தில் சேர்ப்பதும் பெற்றோரின் உரிமையை முடிப்பதும் வேறு வேறு.

அந்த முடிவு எப்போது வருகிறது? அமெரிக்காவில் இதற்கென்றே நேரான ஒரு வழி உண்டு. 1997இல் வந்த சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் ஒரு குழந்தை பெற்றோரை விட்டு அரசின் பொறுப்பில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிக்கும்படி மாநில அரசு நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரே வாசல் இல்லை. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், பராமரிக்கத் தகுதியோ இயலுமையோ இல்லாத பெற்றோரின் பிள்ளையைப் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை என்கிறது. ஆனால் தத்துக்குச் சட்டப்படி விடுவிக்கப்பட்டது என்று அறிவிக்கும் 38ஆம் பிரிவு முக்கியமாகப் பேசுவது மூன்று வகைக் குழந்தைகளை: அநாதைகள், கைவிடப்பட்டவர்கள், பெற்றோரே குழுவிடம் ஒப்படைத்தவர்கள். குழுவின் உறுப்பினர்கள் ஐந்து பேரில் குறைந்தது மூன்று பேர் சேர்ந்துதான் அந்த அறிவிப்பைச் செய்ய முடியும். அதன் பிறகு, 2022 செப்டம்பரிலிருந்து, தத்து ஆணையைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். அந்த ஆணை நடைமுறைக்கு வரும் நாளில்தான் பிறந்த குடும்பத்தோடு இருந்த சட்ட உறவு அறுந்து, குழந்தை புதிய குடும்பத்தில் பிறந்த பிள்ளையாகவே ஆகிறது.

இந்த மூன்றிலும் சேராத பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பெற்றவர் உயிரோடு இருக்கிறார், கைவிட்டேன் என்று சொல்லவில்லை, ஒப்படைக்கவும் இல்லை, வரவும் இல்லை. தீபாவளிக்கு ஒரு முறை ஒரு பொட்டலம் மிட்டாயோடு வருவார். "அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன்" என்பார். அந்த ஒரு வருகையால் கோப்பு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். பிள்ளை அந்த அடுத்த மாதத்தைச் சுவரில் கோடு போட்டு எண்ணும். பிறகு எண்ணுவதை நிறுத்தும். இரண்டு வயதில் வந்தவன் பத்து வயதில் அங்கேயே இருப்பான், தத்தெடுக்க வருவோர் கேட்பதோ கைக்குழந்தையை.

ருமேனியாவில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப்பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, எல்லோரையும் ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அவர்களிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். காப்பகத்தில் சோறு இல்லாமல் இல்லை. இந்தக் குழந்தை எனக்குரியது என்று எண்ணும் ஒரு மனிதர் இல்லை. இரண்டு வயதுக்கு மேல் அதைக் கொடுத்தாலும் பயன் உண்டு, ஆனால் போன நாள் முழுதாகத் திரும்புவதில்லை. பெரியவர்கள் திருந்த எடுத்துக்கொள்ளும் இரண்டு ஆண்டு, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதன் முழு ஆயுள்.

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சொல்வார்கள். பணக் கணக்கில்தான் அதை எடுத்து வீசுவோம். குழுவின் அறையில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு வேறு விதமாகக் கேட்டது. தாயின் துயரம் எவ்வளவு உண்மையானாலும், பிள்ளையின் வயிறு அதனால் நிரம்பாது. தாய்க்கு இரங்குவதா, பிள்ளைக்கு இரங்குவதா என்று வந்தால், பிள்ளைக்கு என்று நான் சொல்கிறேன். பல ஆண்டுகள் தயங்கி, இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

அதற்காக அவசரமும் கூடாது. சயான் கோலிவாடாவைச் சேர்ந்த ஒரு பெண் தன் மகளை ஒரு காப்பகத்தில் சேர்த்தார். சாப்பாட்டோடு படிப்பு கிடைக்கும் ஹாஸ்டல் என்றே நினைத்திருந்தார். இந்த ஊரில் அப்படி நினைத்துச் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். பிள்ளையார் சதுர்த்தி விடுமுறைக்கு அழைத்துப்போக வந்தபோது, "நீதான் கொடுத்துவிட்டாயே" என்று ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். அவர் கைநாட்டு வைத்த காகிதம்தான், ஆனால் அதிலிருந்த மராத்தியில் ஓர் எழுத்துக்கூட அவருக்குத் தெரியாது. ஒப்படைப்புப் பத்திரத்தைக் காப்பகத்து மேஜையில் வாங்கக் கூடாது, குழுவின் முன் தான் எழுத வேண்டும். எழுதிய பிறகும் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. குழு அந்தக் காகிதத்தைத் தள்ளிவிட்டு மகளைத் திருப்பிக் கொடுத்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாத மொழியில் நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும், அதைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை, கையெழுத்து வைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்பதால் உங்கள் மீது தப்பெண்ணம் வராது.

தாராவிப் பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்களுடைய தாய்க்கும் வாய்ப்புக் கொடுத்தார்கள், ஒரு முறை அல்ல. குடி மறப்பு மையத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள், ஒன்பதாம் நாள் வெளியேறிவிட்டாள். பிள்ளைகளைப் பார்க்க வாரம் ஒரு நாள் குறித்தார்கள், இரண்டு முறை வந்தாள். ஊரில் தாய்மாமன் இருப்பதாகத் தெரிந்து அங்குள்ள குழு வழியாக விசாரித்தார்கள். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் கையை விரித்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அதில் ஏழெட்டு மாதங்கள் வெறும் ஒத்திவைப்பு என்பது என் கணிப்பு. தாய் வரவில்லை, அடுத்த தேதி. தாய் வந்தாள், அதிகாரி விடுப்பில், அடுத்த தேதி. பையன் இதற்குள் நடக்கவும் பேசவும் பழகிவிட்டான், காப்பக ஊழியர்கள் எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்தான். அம்மா என்று.

கடைசி அமர்வுக்கு அவள் தலை வாரி, சுத்தமான சேலையில் வந்தாள். குழுவின் தலைவர் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சட்டத்தில் உள்ள அந்தச் சொல் வந்தது. அதைத் தமிழில் தகுதியற்றவர் என்று சொல்லலாம், அகராதியும் அதைத்தான் சொல்லும். ஒரு தாயின் முகத்துக்கு நேரே அந்தச் சொல் என் வாயில் எழவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் விருப்பத்துக்குச் சொல்லை மாற்றக் கூடாது என்பது தெரியும். அதே பிரிவில் இன்னொரு சொல்லும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, எதைச் சொல்லட்டும் என்று தலைவரிடமே கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "வளர்க்க இயலாத நிலையில் இருக்கிறார் என்றே சொல்லுங்கள்" என்றார்.

அவள் கேட்டுக்கொண்டு, "அக்கா, நான் கெட்டவள் இல்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். "இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை" என்றார் தலைவர். "ஆனால் உன் பிள்ளைகளால் இனிக் காத்திருக்க முடியாது." அதையும் சொன்னேன். என் குரல் சரியாக வரவில்லை.

குழு அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளாகவே ஒப்படைக்க ஒத்துக்கொண்டாள். பத்திரத்தை வரி வரியாகத் தமிழில் படித்தேன், 60 நாள் இருக்கிறது என்பதை மூன்று முறை சொன்னேன். இருவரையும் ஒரே வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டதைக் குழு எழுதிக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள். 60 நாள் முடியும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் குழுவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, வந்தாளா என்று கேட்டேன். வரவில்லை.

அன்றைக்கு வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் மேஜையருகில் நின்றாள். "சின்னவனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். பெரியவள் விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள். யார் கொண்டுபோகிறார்களோ அவர்களுக்குத் தெரியாதே, அக்கா. எழுதிக்கொடுங்கள்" என்றாள். ஒரு தாளில் தமிழில் அவள் சொன்னபடியே எழுதி, அதன் கீழே மராத்தியிலும் எழுதி, நன்னடத்தை அலுவலரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.