கோடையெல்லாம் ஆற்றில்

நேயர்களுக்கு வணக்கம். ஆற்றில் நொடிக்கு இத்தனை கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தியில் சொல்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? இந்தக் கோடை முழுக்க எனக்கு அதுதான் வேலை.

கரைக்குக் கரை அளவு நாடாவை இழுத்துக் கட்டுவோம். அகலத்தை இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் பார்ப்போம். ஆற்றுப்படுகை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். மேலே வேகம் அதிகம். மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறங்கினால் ஏறக்குறைய சராசரி வேகம் கிடைத்துவிடும். ஆழமான இடமென்றால் ஆழத்தில் பத்தில் இரண்டு பங்கு, எட்டு பங்கு என்று இரண்டு மட்டத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கி, எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் மொத்த நீரோட்டம்.

கணக்கு சுலபம். நிற்பதுதான் பாடு. நம் கால் கலைத்த தண்ணீரை அளந்துவிடக் கூடாதே! அதனால் வேகம் அளக்கும் கருவியைத் தாண்டி, தண்ணீர் ஓடிப்போகும் பக்கமாகச் சற்றுத் தள்ளி, கையை நீட்டியபடி குறைந்தது 40 நொடி அசையாமல் நிற்க வேண்டும். அதற்குள் குதிகாலுக்கு அடியிலிருக்கும் மணல் நழுவிவிடும்.

எனக்குப் பிடித்த வேலை வேறு. கல் நிறைந்த ஓட்டத்தில் காலால் அடியைக் கிளறி, மிதந்து வருவதை வலையில் பிடித்து, வெள்ளைத் தட்டில் கொட்டுவோம். முதலில் வெறும் சேறுதான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சேறு நெளியும். வயிற்றின் இருபுறமும் செவுள் துடிக்க, பெரும்பாலும் மூன்று வால் முடியோடு இருப்பது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். இரண்டே வால் என்றால் பெரும்பாலும் ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சி. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் அது தாக்குப்பிடிக்காது; அது இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய என்று அர்த்தம். ரசாயனச் சோதனை அந்த நேரத்துத் தண்ணீரைத்தான் சொல்லும். பூச்சிகளோ பல மாதமாக அங்கேயே கிடந்தவை, பழைய கதையையும் சொல்லும்.

தண்ணீரில் நிற்பவர் எண்ணைச் சொன்னால், கரையில் எழுதுபவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். இது எங்கள் விதி. வீடு திரும்பிய பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடு" என்றான் நண்பன். "ஆறு மணி" என்றேன் சத்தமாக. சபையே சிரித்தது. போதாக்குறைக்கு, நான் இல்லாத நேரத்தில் அவர்களுக்குள் புதுசு புதுசாகக் கேலிப்பேச்சுகள் முளைத்திருந்தன. பாதி எனக்குப் புரியவே இல்லை.

வெள்ளத்தில் மாட்டினாயா, பாம்பு பார்த்தாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஒருத்தி மட்டும், "போன வருஷமே அளந்தாச்சே, மறுபடி எதுக்கு?" என்றாள். அப்படிக் கேள்! தினமும் ஆற்றில் இறங்கி அளக்க முடியாது. அளவுகோலில் நீர்மட்டத்தைப் பார்த்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஏற்கெனவே வரைந்த வளைகோட்டை வைத்துத்தான் சொல்கிறோம். ஒரு வெள்ளம் வந்து படுகையை அரித்தாலோ மணலைக் கொட்டினாலோ, அதே மட்டத்தில் வேறு அளவு தண்ணீர் ஓடும். பழைய வளைகோடு பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப இறங்குகிறோம்.

அடுத்த கோடையில் கரையில் உட்கார்ந்து எழுத அவளே வருகிறாளாம். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரைந்துவிடும், பென்சில் எடுத்து வா என்றேன். "பென்சில்" என்று உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

நன்றி, வணக்கம்.