ஒரு வாரம், போர்ச்சுகல்: முதல்ல ராத்திரிகள எண்ணுங்க

வணக்கம் நேயர்களே. திருத்தல யாத்திரை பத்திப் பேசணும்னு நிலையத்துலேர்ந்து கூப்பிட்டாங்க, எந்த ஊர் பத்தி வேணும்னாலும் பேசுங்கன்னாங்க, நான் யோசிக்காம போர்ச்சுகல்னு சொன்னேன். யாத்திரைக் குழுக்களுக்குத் திட்டம் போட்டுக் குடுக்குறது எனக்கு ரொம்ப வருஷமாவே பிடிச்ச வேலை, அதுல மனசுக்கு நெருக்கமான நாடு அதுதான். ஒரே ஒரு வாரம் லீவு கெடைக்குது, பழைய நகரங்களையும் பாக்கணும், மாதா சன்னிதியில நின்னு மனசாரச் செபிக்கவும் செய்யணும்னா அவ்ளோ தோதான நாடு அது. லிஸ்பன்லேர்ந்து வடக்க போர்த்தோவுக்கு 300 கிலோமீட்டர் சொச்சம்தான், அந்த வழியை ஒட்டியே பாத்திமா, தொமார், பத்தாலியா, கோயிம்ப்ரான்னு எல்லாம் வந்துருது.

திட்டம் போடுறோம்னு உக்காந்தா எல்லாரும் முதல்ல என்ன பண்ணுவோம், பாக்க வேண்டிய எடத்தையெல்லாம் எழுத ஆரம்பிப்போம். பத்து எழுதுவோம், பக்கத்துல இருக்குறவங்க இன்னும் நாலு சொல்லுவாங்க, பதினாலு எடம் ஏழு நாள்ல எப்படி அடங்கும்னு மண்டைய உடைச்சுக்குவோம். நான் சொல்றது வேற. எடத்த எழுதாதீங்க, ராத்திரிய எழுதுங்க. ஏழு ராத்திரி இருக்கு, எந்த ஊர்ல எத்தன ராத்திரி தூங்கப் போறோம், அத மட்டும் முதல்ல முடிவு பண்ணுங்க. ஒவ்வொரு தடவ ஓட்டல் மாத்தும்போதும் பெட்டி கட்டுறது, ரூம காலி பண்றது, அடுத்த ரூம் சாவிக்குக் காத்திருக்குறதுன்னு அரை நாள் போயிரும். வயசானவங்க கூட வந்தா அரை நாளுக்கு மேலயே போகும். அதனால ஏழு ராத்திரிக்கு நாலு படுக்கைக்கு மேல வேண்டாம்.

என் கணக்கு இது. லிஸ்பன்ல ரெண்டு, பாத்திமாவுல ரெண்டு, போர்த்தோவுல ரெண்டு, கடைசி ராத்திரி எல்லை தாண்டி ஸ்பெயின்ல சந்தியாகோ தே கொம்போஸ்தெலா, இயேசுவோட அப்போஸ்தலர் நம்ம சந்தியாகப்பர் கல்லறை இருக்குற ஊர். பிளைட் டிக்கெட் போடும்போது லிஸ்பன்ல எறங்கி போர்த்தோவுலேர்ந்து திரும்புற மாதிரி போடுங்க, அதே வழியில திரும்ப லிஸ்பனுக்கு வந்தா ஒரு பகல் முழுக்க ரயில்லயே போயிரும்.

விசாவுக்கும் இந்த ராத்திரிக் கணக்கு உதவும். போர்ச்சுகல், ஸ்பெயின் ரெண்டும் ஷெங்கன் நாடுங்கறதால ஒரே விசா போதும், ஆனா எந்த நாட்டுக்கிட்ட கேக்கணும்னா, அதிக நாள் எங்க தங்குறோமோ அந்த நாட்டுக்கிட்ட. நம்ம கணக்குப்படி போர்ச்சுகல். பயண இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், புறப்படுறதுக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பம் போடலாம், கடைசி 15 நாள் வரைக்கும் விட்டு வைக்காதீங்க.

சரி, லிஸ்பனுக்கு வருவோம். இங்க நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா லிஸ்பன்னா எனக்கு அந்தோணியார்தான். பதுவை அந்தோணியார், கோடி அற்புதர்னு நாம கும்பிடுறோமே, அவரு பொறந்தது இத்தாலியில இல்ல, லிஸ்பன்ல. 1195ல பொறந்தாரு, ஞானஸ்நானப் பேரு பெர்னாந்தோ. லிஸ்பன் பேராலயத்துக்கு எதுத்தாப்புல, சரிவான ஒரு தெருவுல, சின்னதா ஒரு கோயில் இருக்கும். பேராலயத்தப் பாத்துட்டு எல்லாரும் மேல கோட்டைக்கு ஏறிப் போயிருவாங்க, இந்தக் கோயில் அவங்க கண்ணுலயே படாது. அதுக்குள்ள படி எறங்கி நிலவறைக்குப் போனா, இங்கதான் அந்தோணியார் பொறந்த வீடு இருந்துச்சுன்னு காலங்காலமா வணங்குற எடம். 1982ல ரெண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை அங்க வந்து செபிச்சிருக்காரு. இப்ப இருக்குற கோயில் பழசு இல்ல, 1755 பூகம்பத்துல பழசு இடிஞ்சதும் திரும்பக் கட்டுனது, அதுக்காக சின்னப் பசங்க தெருத் தெருவா போயி அந்தோணியாருக்கு ஒரு காசு, அந்தோணியாருக்கு ஒரு காசுன்னு கேட்டு வாங்கிச் சேத்தாங்கன்னு அந்த ஊர்ல சொல்லுவாங்க.

அவரோட வாழ்க்கைய அப்படியே புடிச்சுக்கிட்டுப் போனா பாதிப் பயணத் திட்டம் தானா அமைஞ்சுரும். வாலிப வயசுல லிஸ்பன்லயே சான் விசெந்தே மடத்துல அகுஸ்தினார் சபையில சேந்தாரு, அப்புறம் கோயிம்ப்ரா போயி சாந்தா குரூஸ் மடத்துல இருந்து படிச்சாரு. 1220ல மொராக்கோவுல வேதசாட்சியா செத்த அஞ்சு பிரான்சிஸ்கன் சகோதரர்களோட உடல அந்த மடத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதப் பாத்ததும் அவருக்கு மனசு கெடந்து தவிச்சுது, நானும் இப்படிப் போகணும்னு பிரான்சிஸ்கன் சபையில சேந்து அந்தோணின்னு பேர் மாத்திக்கிட்டு மொராக்கோவுக்கே கப்பல் ஏறிட்டாரு. அங்க போனா கடுமையான காய்ச்சல், ஊருக்குத் திரும்புறப்ப புயல் கப்பல சிசிலிக்குக் கொண்டு போயிருச்சு, அப்படித்தான் இத்தாலி போனதே. 1231ல பதுவை பக்கத்துல எறந்தாரு, ஒரு வருஷம் முடியுறதுக்குள்ள, 1232லயே புனிதர் பட்டம். அதனால பதுவைக்குப் போக வசதி இல்லாதவங்க கவலப்படாதீங்க, அவரு பொறந்த எடம், படிச்ச எடம், மனசு மாறுன எடம் மூணும் இந்த வழியிலயே இருக்கு. ஜூன் 12, 13ல போனா லிஸ்பன் பூராவுமே அவரு திருவிழாதான், தெருவெல்லாம் மத்தி மீன் சுடுற வாசம், பேராலயத்துல பல ஜோடிங்களுக்கு ஒரே நேரத்துல கல்யாணம். ஓட்டல் மட்டும் ரொம்ப முன்னாடியே புடிச்சுருங்க.

லிஸ்பன்ல மிச்ச நேரத்துக்கு ரெண்டே எடம் போதும். ஒண்ணு பெலேம் பகுதியில இருக்குற ஜெரோனிமோஸ் மடம், வாஸ்கோ ட காமா கல்லறை அந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்கு. திங்கக்கிழம மூடியிருக்கும், அத மறந்துடாதீங்க. அந்த ஆத்தங்கரையில நிக்கும்போது சவேரியார நெனச்சுக்குங்க, 1541 ஏப்ரல் 7ஆம் தேதி, அவரோட 35ஆவது பொறந்த நாள் அன்னிக்கு, லிஸ்பன்லேர்ந்துதான் கப்பல் ஏறுனாரு, கோவா போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாம பிளைட்ல ஒரு நாள் உக்காரச் சலிச்சுக்குறோம். இன்னொண்ணு கார்மோ மடம். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலையில கோயில் எல்லாம் சனம் நெறஞ்சிருக்கும்போது பூகம்பம் வந்துச்சு, பின்னாலயே கடல் பொங்குச்சு, பீடத்துல எரிஞ்ச மெழுகுதிரியெல்லாம் சாஞ்சு ஊரே தீப்புடிச்சுது. கார்மோ கோயிலோட கூர வானத்தப் பாத்தபடி தெறந்தே கெடக்கு, அத மூடவே இல்ல. உள்ள போயி அண்ணாந்து பாத்தா வளைவுக்கு நடுவுல ஆகாயம் தெரியும். அங்க ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க.

இப்ப பாத்திமா, 1917ல மூணு சின்னப் புள்ளைங்களுக்கு மாதா காட்சி குடுத்த ஊர். ரயில்ல போகலாம்னு டைம்டேபிள பாத்தா பாத்திமான்னே ஒரு ஸ்டேஷன் பேர் இருக்கும், அத நம்பி எறங்கிராதீங்க, ஸ்டேஷன்லேர்ந்து திருத்தலம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். லிஸ்பன்ல செத்தே ரியோஸ் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ் ஏறுனா ஒண்ணரை மணி நேரத்துல பாத்திமா ஊருக்குள்ளயே எறக்கி விட்டுருவாங்க.

பெரும்பாலான டூர்ல பாத்திமாவுக்கு எவ்ளோ நேரம் தெரியுமா, மூணு மணி நேரம். காலையில லிஸ்பன்ல ஏத்துவாங்க, பேராலயத்தக் காட்டுவாங்க, மெழுகுதிரி கொளுத்த விடுவாங்க, கடையில செபமாலை வாங்குனதும் பஸ்ஸுல ஏறுங்கன்னுருவாங்க. எனக்கு இதக் கேட்டாலே வேதனையா இருக்கும். அவ்ளோ தூரம் போயிட்டு ராத்திரி அங்க இல்லாம வர்றதா? திரும்பவும் சொல்றேன், ராத்திரிய எண்ணுங்க. ஈஸ்டர்லேர்ந்து அக்டோபர் முடியுற வரைக்கும் தினமும் ராத்திரி 9:30க்கு காட்சிச் சிற்றாலயத்துல செபமாலை ஆரம்பிக்கும், அது முடிஞ்சு மாதா சுரூபத்தோட மெழுகுதிரி பவனி. செபமாலையில ஒவ்வொரு பத்து மணிச் செபத்தையும் ஒவ்வொரு மொழியில சொல்லுவாங்க. பகல்ல வந்த டூர் பஸ்ஸெல்லாம் போயிருக்கும், தங்குனவங்க மட்டும் மெழுகுதிரியோட நிப்பாங்க, ஆவே பாடும்போது எல்லாரும் திரிய ஒசத்துவாங்க.

எங்க குழுவுல ஒரு தடவ ஒரு பெரியம்மா வந்திருந்தாங்க, தமிழத் தவிர ஒரு பாஷை தெரியாது, எனக்கு அங்க என்னப்பா புரியப் போவுது, நான் ரூம்லயே படுத்துக்குறேன்னாங்க. வாங்கம்மா, அருள் நிறைந்த மரியே எந்த பாஷையில சொன்னாலும் அதே நீளந்தான்னு கூட்டிட்டுப் போனேன். போர்ச்சுகீஸ்ல முன்பாதி சொல்ல, இவங்க தமிழ்ல புனித மரியேன்னு பதில் சொல்றாங்க, சரியா அந்த எடத்துல ஆரம்பிச்சு அந்த எடத்துல முடிக்கிறாங்க, ஒரு மணிகூடத் தவறல. காத்துல அவங்க திரி அணைஞ்சுது, பக்கத்துல நின்ன வெளிநாட்டு அம்மா ஒண்ணும் பேசாம தன்னோட திரியச் சாச்சுக் கொளுத்தி விட்டாங்க. மறுநாள் ராத்திரி எனக்கு முன்னாடி கெளம்பி வாசல்ல நிக்கிறது இந்தப் பெரியம்மாதான். இதுக்குத்தான் பாத்திமாவுக்கு ரெண்டு ராத்திரி வேணும்னு அடிச்சுச் சொல்றேன், முதல் ராத்திரி வேடிக்க பாத்துக்கிட்டே போயிரும், ரெண்டாவது ராத்திரிதான் செபம் வரும்.

பகல்ல என்ன செய்யலாம்னா அல்ஜுஸ்த்ரேலுக்கு நடந்து போங்க, ரெண்டு மூணு கிலோமீட்டர், ஒலிவ மரம் நடுவுல பாத. லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா மூணு பேரோட வீடும் அங்கதான், சின்னச் சின்ன அறை, தாழ்வான கூர. 1917 மே 13ல முதல் காட்சி வந்தப்ப லூசியாவுக்கு 10 வயசு, பிரான்சிஸ்கோவுக்கு 8, ஜசிந்தாவுக்கு 7. ஆடு மேச்ச புள்ளைங்க. பிரான்சிஸ்கோ 1919லயும் ஜசிந்தா 1920லயும் விஷக்காய்ச்சலோட விளைவுல எறந்துட்டாங்க, லூசியா கார்மேல் மடத்துல கன்னியாஸ்திரியா 2005 வரைக்கும் இருந்தாங்க. 2017 மே 13ல, சரியா நூறு வருஷம் கழிச்சு, திருத்தந்தை பிரான்சிஸ் அங்கயே வந்து அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் புனிதர் பட்டம் குடுத்தாரு. பேராலயத்துக்குள்ள மூணு பேர் கல்லறையும் இருக்கு. திருத்தல முற்றத்துல முழங்கால்லயே நகந்து போற சனத்தப் பாப்பீங்க, பொருத்தன நிறைவேத்துறவங்க. தயவுசெஞ்சு அவங்களப் போட்டோ எடுக்காதீங்க.

மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் 12, 13ஆம் தேதிங்கள்ல கூட்டம் அலமோதும், மே 13ன்னா கேக்கவே வேணாம். அந்தக் கூட்டத்துல நிக்கிறதே ஒரு ஆசீர்வாதம்னு நெனைக்கிறவங்க போங்க, முட்டி வலி இருக்குறவங்க வேற தேதி பாருங்க.

பாத்திமாவுலேர்ந்து அரை நாள் ஒதுக்கி ஒரு பழைய எடம் பாக்கலாம். பத்தாலியா மடம் ஒரு பக்கம், 1385ல அல்ஜுபரோட்டா சண்டையில ஜெயிச்சதுக்கு மாதாவுக்கு நேந்துக்கிட்டுக் கட்டுனது. தொமார் இன்னொரு பக்கம், 1160ல தெம்ப்ளர்ங்கற துறவி வீரர்கள் தொடங்குன கோட்டை, அதுல வட்டமா ஒரு கோயில். ரெண்டும் எதிரெதிர் தெசை, பஸ்ஸும் கொறைச்சல், அதனால ஒண்ணத் தேர்ந்தெடுங்க. நாலு பேரா சேந்து ஒரு டாக்சி பேசிக்கிட்டா நல்லது. எனக்கு தொமார்தான் புடிக்கும்.

எனக்கு இன்னும் மூணு நிமிஷந்தான்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சைகை வருது, வடக்கு முழுக்க பாக்கி இருக்கு, வேகமா சொல்லிர்றேன்.

போர்த்தோ போற வழியில கோயிம்ப்ராவுல நாலு மணி நேரம் எறங்குங்க. சாந்தா குரூஸ் கோயில் அந்தோணியாருக்காக, ஆத்துக்கு அந்தப் பக்கம் சாந்தா கிளாரா மடம் புனித இசபெல் ராணியோட கல்லறைக்காக. 1290ல தொடங்குன பல்கலைக்கழகமும் அங்கதான், நேரம் இருந்தா அது.

போர்த்தோவுல ஒரு பகல் ஊருக்கு, ஒரு பகல் பிராகாவுக்கு. பிராகாவுக்கு வெளிய மலமேல பொம் ஜேசுஸ் திருத்தலம், மாடி மாடியா படிக்கட்டு, வழி நெடுக இயேசுவோட பாடுகள் சின்னச் சின்னச் சிற்றாலயமா. ஏற முடியாதவங்களுக்கு 1882லேர்ந்து ஓடுற ஒரு ரயில் பெட்டி இருக்கு, கரண்ட் இல்ல, மேல நிக்கிற பெட்டியோட தொட்டியில தண்ணி நெரப்புவாங்க, அந்தக் கனத்துல அது எறங்க, கீழ இருக்குறது ஏறும். பெரியவங்க ரயில்ல போயிட்டு எறங்கும்போது படியில வாங்க.

கடைசி, சந்தியாகோ. போர்த்தோவுலேர்ந்து பஸ், மூணு நாலு மணி நேரம். நடந்து வந்த யாத்திரிகர்னு சான்றிதழ் வேணும்னா கடைசி 100 கிலோமீட்டராவது நடந்திருக்கணும், பஸ்ஸுல போற நமக்குக் கெடைக்காது, ஆனா அப்போஸ்தலர் கல்லறையில செபிக்க யாரும் சான்றிதழ் கேக்க மாட்டாங்க. 53 கிலோ தூபக்கலசத்த ஊஞ்சலா ஆட்டுறது தினமும் கெடையாது, குறிப்பிட்ட திருநாள்லதான், அதனால அதுக்குன்னே போகாதீங்க. ஜூலை 25 ஞாயித்துக்கிழமையில வந்தா அந்த வருஷம் பூரா அங்க புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த வருஷம் போறவங்க ரூம் இப்பவே பாருங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. ஸ்பெயின் கடிகாரம் போர்ச்சுகல விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். திரும்புற பஸ் டிக்கெட்டுல புறப்படுற நேரம் ஸ்பெயின் கணக்கு, எறங்குற நேரம் போர்ச்சுகல் கணக்கு, அதப் பாத்து போர்த்தோ பிளைட்டுக்கு நேரம் விட்டு வெச்சுக்குங்க. நன்றி, வணக்கம்.