நல்லா இருக்கோம் என்பது மட்டும் போதாது

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் படிப்பு என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். விசா, கட்டணம், உதவித்தொகை பற்றியெல்லாம் சொல்ல இன்று ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேச வந்தது வீட்டு ஏக்கத்தைப் பற்றி. அதுவும் போகிற பிள்ளைகளைவிட, ஊரில் இருந்து அவர்களோடு போனில் பேசும் அப்பா அம்மாக்களிடம்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எனக்கு வேதாரண்யம் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம். 2018-இல் நீர் மேலாண்மை படிக்க நெதர்லாந்தில் உள்ள டெல்ஃப்ட் நகரத்துக்குப் போனேன். அந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பெய்கிற மழையைப் பம்பு வைத்து இறைத்து வாய்க்காலில் விட்டு, அங்கிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் அனுப்பினால்தான் அங்கே வயலும் வீடும் தங்கும். இதைப் பார்த்துக்கொள்ள நீர் வாரியங்கள் இருக்கின்றன. சில வாரியங்களின் வேர் 13-ஆம் நூற்றாண்டு வரை போகிறது. சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுவது போல இதற்கும் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு காலத்தில் ஊரே கூடிக் குடிமராமத்து செய்து வாய்க்கால் வெட்டிய ஊரிலிருந்து போனவளுக்கு அதைப் பார்த்தபோது பொறாமையாகவே இருந்தது.

புது ஊர், புது மனிதர்கள் என்று முதல் சில வாரம் ஓடிவிட்டது. ஏக்கம் பிறகுதான் வந்தது. ஊரில் சம்பா நடவு நடக்கும் நேரம். அந்த ஆண்டு ஜூலை 19-இல் மேட்டூர் திறந்து, சில நாளிலேயே அணை 120 அடியைத் தொட்டிருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அப்படி ஒரு தண்ணீர். ஆனாலும் ஆகஸ்டில் திருச்சி பக்கம் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்தன. கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்பது எங்கள் ஊர் டீக்கடையில் ஓயாத பேச்சு. நான் டெல்ஃப்டில் காலையில் கண் விழித்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் போனில் பார்ப்பேன். அறைத்தோழிக்கு அது விளங்கவே இல்லை.

சாப்பாட்டு ஏக்கம் பெரிய விஷயமில்லை. டெல்ஃப்டிலிருந்து ஒன்றாம் எண் டிராம் ஏறினால் தி ஹேக். அங்கே, தென் அமெரிக்காவில் முன்பு டச்சுக் காலனியாக இருந்த சுரினாம் நாட்டு மக்களின் கடைகள் உண்டு. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சுரினாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வாரிசுகள் அவர்களில் பலர். அந்தக் கடையில் முழ நீளக் காராமணிக்காயும் பாகற்காயும் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். வாங்கி வந்து, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டு வதக்கினால் அன்றைக்குப் போதும்.

போன்தான் கஷ்டம். "சாப்பிட்டியா பாப்பா? குளிருதா? நாங்க நல்லா இருக்கோம்." அம்மா தினமும் இதைத்தான் சொல்வார். நானும் "நல்லா இருக்கேன்மா" என்பேன். அப்பாயிக்குக் காலில் அடிபட்டுப் படுத்திருந்தது, நடவுக்கு ஆள் கிடைக்காமல் அப்பா அலைந்தது, எதுவும் எனக்கு வராது. பிள்ளை படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்ற பாசம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்டதையெல்லாம் அம்மாவின் குரல் சொல்லிவிடும். என்னவென்று தெரியாமல் ராத்திரி முழுக்க நாமே ஏதாவது கற்பனை செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம் கஜா புயல் வந்தது. நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எனக்கு அது 15-ஆம் தேதி இரவு எட்டு மணி. அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோதே லைன் அறுந்தது. பிறகு எந்த எண்ணுக்கும் போகவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. செல்போன் கோபுரத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்?

நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் வயதான பெண்மணி, அந்த நாட்டின் கடலோர ஸீலாந்து மாகாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடல் உள்ளே வந்ததா?" என்பது. 1953 பிப்ரவரி முதல் தேதி விடிவதற்குள் அவர்கள் பகுதிக்குக் கடல் வந்தது. அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். தொலைபேசிக் கம்பி அறுந்து ஊர்கள் துண்டாகி நின்றபோது, பொழுதுபோக்காக வானொலி கட்டிப் பழகியவர்கள்தான் தங்கள் கருவிகளை வைத்து வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரப் பெண்மணி அப்போது சின்னப் பெண், வேறு ஊரில் அத்தை வீட்டில் இருந்திருக்கிறார். பெரியவர்கள் எதையும் சொல்லவில்லையாம். "சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அவ்வளவுதானே" என்றார்.

சில நாள் கழித்துச் சித்தப்பா மகன் பைக்கில் கும்பகோணம் வரை போய், சிக்னல் கிடைத்ததும் கூப்பிட்டான். மூச்சு விடாமல் சொன்னான். "எல்லாரும் இருக்காங்கக்கா. வீட்டு ஓடு பாதி போச்சு. தென்னை ஒண்ணுகூட நிக்கல. கொல்லையில மாமரம் சாஞ்சு கிணத்து மேல கெடக்கு. அப்பாயி பள்ளிக்கூடத்துல இருக்கு, ராத்திரி பூரா உன்னையத்தான் கேட்டுச்சு." இடிந்து போகிற மாதிரியான செய்திதான். ஆனால் அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன். அடுத்த வாரம் அம்மா பேசினார்: "ஒண்ணுமில்ல பாப்பா, கொஞ்சம் காத்து அடிச்சிச்சு." அந்த ஒரு வார்த்தைதான் என்னை அழ வைத்தது.

இந்தத் தவிப்பு நம் மண்ணுக்குப் புதிதில்லை. கும்பகோணத்து ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் நெவாசா கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டார். குளிர் தாங்காமல் மேல்கோட்டோடும் சால்வையோடும் படுத்தார். படுக்கையில் விரித்திருந்த கம்பளிகளைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை, அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மஹலனோபிஸ்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தார். அவ்வளவு பெரிய கணித மேதைக்கு இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லித்தர அதுவரை பக்கத்தில் ஆள் இல்லை. அந்த ஆண்டே உலகப் போரும் மூண்டது. ஊரிலிருந்து மனைவி ஜானகி எழுதிய கடிதங்களும் அவர் கைக்குச் சேரவில்லை. மாமியார் அவற்றைத் தடுத்துவிட்டதாக ஜானகியம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1919-இல் நோயோடு திரும்பியவர், அடுத்த ஆண்டு ஏப்ரலில் 32 வயதில் காலமானார். நோய்க்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் வந்து சேராத அந்தக் கடிதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். பிள்ளையிடம் ஊர் நடப்பைச் சொல்லுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, யார் வீட்டில் கல்யாணம், மாடு என்ன கன்று போட்டது, யாருக்கு உடம்பு சரியில்லை, கடன் எவ்வளவு நிற்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கெட்ட செய்தி என்றால் அப்பாவோ அம்மாவோ தாங்களே சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ போட்டு அது தெரிய வரக் கூடாது. தாங்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பதினெட்டு, இருபது வயதில் தனியாகக் கடல் தாண்டிப் போன பிள்ளைகள் அவர்கள். பிள்ளைகளே, நீங்களும் "நல்லா இருக்கேன்" என்பதோடு போனை வைத்துவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஐரோப்பாவின் அந்தப் பக்கத்தில் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மாலை நாலரை. டிசம்பரில் அதற்குள் பொழுது இறங்கிவிடும். வகுப்பு முடிந்து, இருட்டில் தனி அறைக்குத் திரும்பும் நேரம் அது. நான் கேட்டுப் பார்த்தவரை, நம் பிள்ளைகள் பலருக்கும் அதுதான் கடினமான நேரம். அப்போது கூப்பிடுங்கள்.

வணக்கம்.